ஹைப்போ பொட்டலம்

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போலத்தான் நிற்பேன். அன்றைக்கு இன்னும் மோசம். மறுநாள் கப்பலில் அக்கா கொழும்புக்குப் போகிறாள், புருஷன் வீட்டுக்கு. கையோடு கொண்டுபோக அம்மாவின் படம் வேண்டும் என்று மூன்று நாளாக அழுகை.

அம்மாவோ படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். அக்கா கல்யாணத்தில்கூடக் கேமராவைக் கண்டதும் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். மகள் அழுகை தாங்காமல் அன்று காலை கொல்லையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு படம். போர் முடிந்தும் பிலிம் குதிரைக் கொம்பாக இருந்த காலம். என் சுருளில் மிச்சமிருந்ததும் அந்த ஒன்றுதான்.

ஸ்டூடியோவில் கொடுத்தால் நான்கு நாள் ஆகும். நானே கழுவினேன். சாமான் அறைச் சந்துகளில் சாக்கை அடைத்து, சிவப்புக் காகிதம் சுற்றிய விளக்கோடு உள்ளே போனேன். பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து டெவலப்பர் தட்டில் ஏற்றி இறக்கினேன். அம்மா மெல்லக் கருத்து வந்தாள். தண்ணீரில் அலசிவிட்டு, அலமாரித் தட்டில் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்து, பிலிமின் வெளுப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவைக் கரைத்தேன். ஹைப்போ கரையும்போது தண்ணீர் கை விறைக்கக் குளிரும். அன்று குளிரவில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் நின்று யோசிக்க யாருக்குப் பொறுமை? பிலிமை அதில் பத்து நிமிஷம் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டிய பிலிம் பாலாடை போல வெளுத்துக் கிடந்தது.

“என் சாமானை யாரு தொட்டது? ஒதுங்க வைக்கேன், ஒதுங்க வைக்கேன்னு எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா!” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.

அம்மா கிழிந்த பொட்டலத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்து, நாக்கில் வைத்தாள்.

“ஏலே, இது உங்கப்பா கொண்டாந்த உப்புல்லா.”

அப்பா உப்புத் தரகர். ஒவ்வொரு உப்பளத்திலிருந்தும் மாதிரிக்குக் கொண்டுவந்த பொட்டலங்கள் வீட்டில் எங்கே பார்த்தாலும் கிடக்கும். என் ஹைப்போவும் அதே பழைய காகிதத்தில், அதே வெள்ளைக் கல். அவற்றோடு அதைச் சேர்த்து வைத்தவன் நானேதான். வெட்கத்தில் முகம் எரிந்தது. அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

பிலிமைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். தரையெல்லாம் உப்பு. ஏழாவதோ எட்டாவதோ, தண்ணீரில் போட்டதும் விரல் விறைத்தது. பிலிமை அதில் நனைத்தேன். வெளுப்பு ஓரத்திலிருந்து கரைந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அம்மா இருந்தாள்.

சொட்டச் சொட்டப் பிலிமை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

அங்கே, காலையில் உடுத்திய அதே பட்டுச் சேலையை மறுபடி உடுத்தி, அதே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் கை. கண் இமைக்கவில்லை.

“இன்னொருக்கா எடுத்துக்கோலே,” என்றாள், உதடு அசையாமல். “பிள்ள வெறுங்கையோட போகக் கூடாது.”