பூங்காவுக்குப் போகாத பிள்ளைகள்

ஆசிரியர் பயிற்சியில் பாடக் குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்போம். இடப்பக்கம் ஆசிரியர் கேட்பது, வலப்பக்கம் மாணவர் சொல்வது. வகுப்புக்கு முந்தின நாளே இரண்டையும் நிரப்பி விரிவுரையாளரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிள்ளைகள் நாளைக்கு என்ன பதில் சொல்வார்கள் என்பது இன்றைக்கே எங்களுக்குத் தெரியும். இடப்பக்கத்தில் 'வாட் டிட் யூ டூ ஆன் சண்டே?' என்று எழுதினால் வலப்பக்கத்தில் 'ஐ வென்ட் டு த பார்க்' என்று எழுதுவோம். மூத்த மாணவிகள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், நாங்களும் பார்த்து எழுதினோம். அந்தப் பிள்ளைகளின் ஊரில் ஏது பூங்கா என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது உறைக்காத மண்டைகளில் என்னுடையதும் ஒன்று என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலப்பக்கத்தைக் காலியாக விட்டவள் ஒருத்தி இருந்தாள். என் அறைத்தோழி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தவள். விடுதியில் அவளுக்கு 'மலைக்காரி' என்றே பெயர். எங்கள் ஆங்கில விரிவுரையாளர் மேடம் வாரத்துக்கு நான்கு நாள் ஒரே மந்திரத்தைச் சொல்வார்: விதியை ஒப்பிக்க வைக்காதீர்கள், பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து சூழலை எடுங்கள், இலக்கணம் தானாக வரும். நாங்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இவள் நம்பிவிட்டாள். ஏன் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது என்று மேடம் கேட்டபோது, "புள்ளைங்க இன்னும் சொல்லலியே மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மலைப் பெண், விவரம் போதாது என்று மேடம் அன்றைக்கு விட்டுவிட்டார்.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்களைக் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியின் மூன்று பக்கமும் கரும்பு. அதில் பெரும்பங்கு தலைமை ஆசிரியருடையது. மேடம் வகுப்பைப் பார்க்க வரும் நாளுக்கு முன்தினம் நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குப் பதில்களை உருப்போட வைத்துவிடுவோம். யாரை எழுப்பினால் எது வரும் என்று கணக்காக இருக்கும். என் அறைத்தோழி மட்டும் அதைச் செய்யவில்லை.

அவளுடைய வகுப்பன்று கடைசி பெஞ்சில் மேடமும் தலைமை ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பற்றிக் கவனிப்புக் குறிப்பு எழுத வேண்டியவள் நான் என்பதால் அவர்கள் பக்கத்தில் எனக்கும் ஓரிடம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழில் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்கு நான் கைகொடுக்கிறேன் என்றாள். ஒருவன் ஆடு மேய்த்தேன் என்றான். ஒருத்தி தம்பியைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாள், வாக்கியத்தை அவர்களே கட்டினார்கள், அவள் கரும்பலகையில் எழுதினாள். கால் மணி நேரத்தில் எழுந்து நின்று சொல்லப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள். அப்படி ஒரு ஆங்கில வகுப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி, யாருடைய உதவியும் இல்லாமல், அதுவரை பலகையில் இருந்த வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கட்டிச் சொன்னாள்: "ஐ வொர்க்ட் இன் ஹெச்.எம். சார்ஸ் ஃபீல்ட்." அடுத்த நொடி நான்கைந்து குரல்கள், மீ டூ மிஸ், மீ டூ மிஸ் என்றன.

ஞாயிறுதோறும் கரும்பில் சோகை, அதாவது காய்ந்த இலை, உரிக்கப் பிள்ளைகளை அழைப்பார் அந்த மனிதர். கூலி கிடையாது. கேட்டால் தொழிற்கல்வி. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அது பலகையில், ஆங்கிலத்தில், மேடத்தின் முன்னால் எழுதப்பட்டு நின்றபோது தலைமை ஆசிரியரின் முகம் கறுத்துப்போயிற்று. மேடம் எழுந்து, அந்த வரியை அழித்துவிடச் சொன்னார். "அவ சொன்னதுல எங்க தப்பு இருக்குது மேடம்?" என்று கேட்டாள் இவள். பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து சூழலை எடுக்கச் சொன்ன அதே மேடம்தான் டஸ்டரை எடுத்துத் தானே அழித்தார். ஊருக்கு உபதேசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அந்தச் சிறுமியின் அப்பாவை வரவழைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் நிலத்திலேயே கூலிக்குப் போகிறவர். மகள் ஆங்கிலத்தில் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டு வந்திருந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா சொன்னான்னு எனுக்குத் தெரியாதுங்க. சின்னப் புள்ள, மன்னிச்சு வுட்டுடுங்க" என்றார். சிறுமி அவர் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். தலைமை ஆசிரியரின் அறையில், மேடம் உட்பட, அத்தனை படித்தவர்கள் இருந்தோம், ஒருவரும் அவருக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை. என் அறைத்தோழிதான் முன்னால் வந்தாள்.

"அண்ணே, உங்க பொண்ணு கெட்டது எதுவும் பேசல. ஞாயித்துக்கெழம இன்னா பண்ணீங்கன்னு நான் கேட்டேன். பண்ணத சொன்னா, அவ்ளோதான்."

அவர் புரிந்துகொண்டார். புரிந்ததும் இன்னும் பயந்துபோனார். அதைப் பார்த்த அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பயிற்சியை முடித்ததற்கான சான்றில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். சிறுமி கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று எழுதிக்கொடுத்தால் போடுகிறேன் என்றார் அவர். இவள் மறுத்துவிட்டாள். அப்போது மேடம் என் பக்கம் திரும்பி, நேற்றைய குறிப்பு எங்கே என்று கேட்டார். அது இன்னும் எழுதப்படாமல் இருந்தது. எழுதும்மா என்று அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வகுப்பில் ஒழுங்கு இல்லை. பாடம் திட்டப்படி நடக்கவில்லை. ஆசிரியைக்குப் பாடப்பொருள் தெரியவில்லை. கீழே என் கையெழுத்து. அவளைத் தேர்வுக்கு அனுப்பாததற்கு அந்தக் காகிதமே ஆதாரமாயிற்று. என் சான்றும் அதே மேசைமேல் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்தது, அதற்காகத்தான் எழுதினேன். வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடையாது.

அவள் பெட்டியைக் கட்டிய அன்று என்னிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருக்கலாம். "நீ அங்கதான ஒக்காந்துக்கினு இருந்த, பார்த்தத எழுதியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வருடம் திரும்ப வந்து பயிற்சியை மறுபடி செய்ய அவளுக்கு வசதி இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. அவள் வரவில்லை. அவள் ஆசிரியை ஆகவில்லை. நான் ஆனேன்.

இப்போது நானே வருங்கால ஆசிரியைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்பு முடிகிற வரை வலப்பக்கத்தை நிரப்பக் கூடாது, பிள்ளைகள் சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்பது என் கண்டிப்பு. மற்ற நிறுவனங்களிலிருந்துகூட வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். போன மாதம் ஒரு மாணவி, "இது உங்களுக்கு எப்படி மேடம் தோணுச்சு?" என்று உண்மையாகவே வியந்து கேட்டாள். கேட்டவள் மலையிலிருந்து வந்த பெண்.

அனுபவத்தில் வந்தது என்று சொன்னேன்.