மஞ்சளுக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி

மாலை நாலு இருபதுக்கு என் மகளின் முதுகில் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. காய்ச்சல் முன்பே வந்திருந்தது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று பரிசோதனையில் தெரிந்ததால், ஏதோ வைரஸ் என்று கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த என் நாத்தனார், தடிப்பைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துகீறா அண்ணி! ஊசி கீசி போட்டுடாத."

திருவொற்றியூர்க் குப்பத்தில் இப்படிப்பட்ட செய்திக்குக் கால் முளைத்துவிடும். நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, பதினாறு வயதுக்காரியைக் கழுத்திலிருந்து கால்வரை பூசிவிட்டார்கள்.

"நைனா பாத்தா வஞ்சரம்னு நென்ச்சி வறுத்துரும்" என்றாள் மகள். அன்று அவள் ஒழுங்காகப் பேசியது அதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு இரைத்தது; கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மஞ்சள் சிலையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தேன். நாத்தனாரும் வேப்பிலைக் கொத்தோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர் விழித்தார். "முதல்ல துடைங்க. எனக்குத் தோல் தெரியணும்."

"தொடச்சா ஆத்தா கோச்சுக்கும்மா" என்றாள் நாத்தனார்.

"கோச்சுக்கட்டும், நான் பேசிக்கிறேன்."

நாத்தனார் வேப்பிலைக் கொத்தை என் கையில் திணித்தாள். பிறகு தன் முந்தானையையே நனைத்துத் துடைத்தாள். இடுப்பில், சுடிதார் நாடா இறுக்கும் இடத்தில், பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு.

"அடிப்பாவி, எவடி உனுக்கு சூடு வச்சது?"

டாக்டர் சிரித்தேவிட்டார். "புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி கடிச்சது. இது உண்ணிக் காய்ச்சல். கிராமத்துப் பக்கம்தான் வரும்னு நினைச்சிருந்தோம். இப்போ சென்னைக்குள்ளயே பாக்கறோம்."

கன்டெய்னர் யார்டுக்குப் பின்னாலிருக்கும் புதரில் தோழிகளோடு ரீல்ஸ் எடுத்தாளே, அங்கேதான் கடித்திருக்க வேண்டும். மருந்து ஊசியில் ஏறியது. நான் தெர்மாமீட்டரோடு குடித்தனம் நடத்தினேன். காய்ச்சல் இறங்கிய காலையில் அவள் கண் திறந்து பிரியாணி கேட்டாள். சிரித்தேன், அழுதேன், வார்டு ஆயாவைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். இன்றும் அவள் எங்கேயாவது சொறிந்தால் டார்ச்சோடு ஓடுகிறேன்.

பிரியாணி கேட்ட அன்று கடைசியாக வந்தவர் பெரிய டாக்டர், ராயபுரத்துக்காரர். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"பிரியாணி கேக்குறவளுக்கு இங்க இன்னா வேல? நாளிக்கு வூட்டுக்குக் கெளம்பு. மாத்திரைய மட்டும் பாதியில வுட்டுராத."