சொட்டு வைத்த நெருப்பு

என் தங்கை புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் சொட்டு. குழாய் வேலைக்காரர். எந்த வீட்டில் நுழைந்தாலும் எங்கே சொட்டுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கல்யாணத்தன்றே எங்கள் குளியலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிய மனிதர்.

ஊர்த் தீயணைப்புக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டம் என்றால் ஐந்தே பேர். முடி வெட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், டிராயிங் வாத்தியார், கறிக்கடைக்காரர், இவர். சம்பளம் கிடையாது. ஒரு பழைய தண்ணீர் லாரி, ஒரு பம்பு. நகரத்து வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும். அதுவரை இவர்கள்தான்.

அந்த மத்தியானம் என் தம்பியின் மர அறுவை மில் பற்றிக்கொண்டது. மில் சரிவின் அடியில். அதற்கு மேலே காடு. காட்டின் மேல்பாதி தம்பி பதினெட்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த மரங்கள். அதற்கும் மேலே, மேட்டில் பதினோரு வீடுகள். அதில் ஒன்றில் நானும், தொண்ணூறு தாண்டி, பக்கவாதத்தில் படுத்துவிட்ட எங்கள் அப்பாவும். மேட்டுக்குப் பாதை ஒன்றே ஒன்று, அதுவும் காட்டுக்குள்ளே.

மில் கூரை சரிந்ததும் பொறி பறந்து காட்டில் விழுந்தது. சொட்டு ஹோஸைச் சுருட்டச் சொன்னாராம். “மில்லு போச்சு மாப்ள. ஏறு வண்டியில” என்று தம்பியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு வந்தார். வண்டி ஏறி முடிப்பதற்குள் பின்னால் பாதையைத் தீ தாண்டிவிட்டது. இனி யாரும் இறங்க முடியாது.

லாரியில் மிச்சமிருந்த தண்ணீர் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. பிறகு தீ ஏறி வந்ததைப் பார்த்தேன். அது மரத்தைத் தொடவே இல்லை. தொடுவதற்கு முன்பே மரம் தானாகக் கொழுந்து விட்டது. ஆயிரம் பேர் சேர்ந்து புதுத் துணி கிழிக்கிற மாதிரி சத்தம். பயப்படக்கூட மறந்து வாயைப் பிளந்து நின்றேன்.

வீடுகளுக்குக் கீழே ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதை அகலமாக்கி, சருகெல்லாம் வாரி, வெறும் மண் தெரியச் சுரண்ட வைத்தார் சொட்டு. கை கால் உள்ள அத்தனை பேரும் மண்வெட்டி பிடித்தோம். அப்புறம் தம்பியிடம் வந்தார்.

“இங்கேருந்து நாமளே கீழ்ப்பக்கமா நெருப்பு வெக்கணும் மாப்ள.”

“என்ன மச்சான், புகையில மூளை கலங்கிடுச்சா?”

“வர்ற தீக்குத் தீனி இருக்கக் கூடாது. உன் மரத்த நாமளே எரிச்சுட்டா அது பட்டினியில சாகும்.”

“மில்லும் போச்சு. எனக்குன்னு மிச்சம் இதுதான்.”

“தெரியும்டா. அதான் கேக்கறேன். சீக்கிரம் சொல்லு.”

தம்பி, அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தான். “எப்ப வெக்கணும்?” என்றான்.

அப்போதுதான் கூத்து. ஒருத்தரிடமும் தீப்பெட்டி இல்லை, மேலே வீட்டுக்குத்தான் ஓட வேண்டும். சிகரெட் குடிக்கிறவனுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்து ஆள் சேர்த்தவராயிற்றே சொட்டு! டிராயிங் வாத்தியார் மெல்லக் குனிந்து காலுறைக்குள்ளிருந்து ஒரு லைட்டரை எடுத்தார்.

“அடப்பாவி! எத்தனை வருஷமா?”

“இன்னிக்கு மட்டும்தாண்ணே.”

அந்த நேரத்திலும் சிரித்தோம்.

உடனே வைத்துவிடவும் முடியாது. காற்று எங்கள் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. சொட்டு ஒரு சருகைக் கசக்கித் தூவினார். தூள் எங்கள் முகத்தில் விழுந்தது. “இன்னும் இல்ல.” மறுபடி தூவினார். மறுபடியும் முகத்தில். இமை பொசுங்குகிறது, அந்த மனிதர் அசையவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தரம், தூள் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே, தீயை நோக்கிப் போயிற்று. பெரிய தீ மூச்சை உள்ளே இழுக்கிறது!

“இப்ப!”

“குடுங்க மச்சான். வளத்தவன் நான்” என்று தம்பி லைட்டரைப் பிடுங்கி, தன் முதல் மரத்தடியில் தானே வைத்தான்.

தாயைக் கண்ட கன்று போல அந்தச் சின்னத் தீ கீழே ஓடியது. இரண்டும் சந்தித்த இடத்தில் நெருப்பு ஒரே தூணாக எழுந்து நின்றது. அதன் உச்சியைப் பார்க்க என் கழுத்து போதவில்லை. பிறகு யாரோ கதவைச் சாத்தினாற்போலச் சத்தம் நின்றது. எரிய ஒன்றுமில்லை. எழுபது வருஷத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

பதினோரு வீடும் நின்றன. அப்பா தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

நகரத்து வண்டி வந்தபோது அதிகாரி, “இங்க யாரு பொறுப்பு?” என்று கேட்டார். நான் சரிவைக் காட்டினேன். சாம்பலில் மண்டியிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையால் மண்ணைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தார் சொட்டு. உள்ளே கனல் இருந்தால் ராத்திரி மறுபடி எழுந்துவிடுமாம். பக்கத்திலேயே, தன் மரங்கள் நின்ற இடத்தில், தம்பியும் மண்டியிட்டிருந்தான்.

“இங்க சுடுது மச்சான்” என்றான்.

சொட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டு போனார்.