ஜிபிஎஸ் காட்டிய வீடு

மத்தியானச் சோற்றை யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிடுவது என் வழக்கம். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே யாராவது பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்தி பக்கம் தலைகாட்டாமல் வந்துவிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனவன் நான். எத்தனையோ கம்பெனி பார்த்துவிட்டேன், ஒரு கேண்டீனிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

இப்போதிருக்கும் வேலை அதற்குத் தோதாக அமைந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்புக் கம்பெனி. அங்கே ஊற்றி எடுத்த சாம்பிள் பீஸ்களைச் சாக்கில் கட்டி, பைக்கில் திருவள்ளூருக்குக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்ததில் கடைந்து முடித்ததை வாங்கி வர வேண்டும். வண்டி என்னுடையது, பெட்ரோல் அவர்களுடையது. வழியில், பெரியபாளையம் தாண்டி, லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்று மூடிக் கிடக்கிறது. அதன் பின்சுவர் ஓரம் ஒரு வேப்பமரம். வண்டியை அங்கே சாய்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பேன். அரைமணி நேரம் ஒரு கண்ணும் என் மேல் இருக்காது. நாள் முழுக்க அலைந்ததில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதை நானே காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன்.

என் பழைய வண்டி பட்டறை வாசலிலிருந்தே திருடு போயிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்ததோடு சரி. தவணையில் புது வண்டி எடுத்ததும், இதுவாவது நிலைக்கட்டும் என்று திருவள்ளூர் பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஜிபிஎஸ் கேட்டேன். கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று கனமாக, நல்ல கேபிளோடு இருந்தது. இன்னொன்று தீப்பெட்டி அளவு. விலையும் பாதிக்குக் கீழே.

"ரெண்டும் ஒரே வேலதாண்ணா. இது கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், அவ்ளோதான்."

"எவ்வளவு முன்ன பின்ன?"

"வண்டி காணாம போனா தெருவக் காட்னா போதாதா? கதவு நம்பரா வேணும் உனுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. சின்னதையே வாங்கினேன். மெக்கானிக் சீட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் கொடுத்து, உள்ளே மறைத்து வைத்து மூடினார். அதற்குள் ஒரு சிம் கார்டு. வண்டி எங்கே நிற்கிறது என்பது போனில் நீலப் புள்ளியாகத் தெரியுமாம்.

போனில் ஏற்றுவதுதான் எனக்கு வரவில்லை. எல்லாம் இங்கிலீஷ். ஆபீசில் பில் போடும் தம்பியிடம் கொடுத்தேன். விரலால் தட்டிக்கொண்டே, "பாஸ்வேர்டு கேக்குதுண்ணே, இன்னா வெக்கட்டும்?" என்றான்.

"நீயே எதனா வைப்பா," என்றேன்.

அவனே வைத்தான். தன் போனிலும் வைத்துக்கொண்டான். மேனேஜர் போனிலும் ஏற்றிக் கொடுத்தான். நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்தால் அடுத்த சாக்கைக் கட்டி வைக்கலாமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் காசில் வாங்கியது, என் வண்டியில் இருப்பது, பார்ப்பதெல்லாம் அவர்கள். எனக்கே அது தெரிந்தது ஒருநாள் லோடுமேன்கள் எல்லாரும் நிற்கும்போதுதான்.

"இன்னாண்ணே," என்றான் பில் தம்பி, போனைத் தூக்கிக் காட்டி. "டெய்லி மத்தியானம் பெரியபாளையம் தாண்டி ஒரு ஊட்டாண்ட நிக்குதே வண்டி. யாரு ஊடு அது?"

"ஊடெல்லாம் இல்லப்பா. சோறு துன்றேன்."

"அதாங் கேக்கறேன், யாரு போடறா?"

லோடுமேன் ஒருவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "பூனை மாரி இருந்துகினு நைனா பண்ற வேலையப் பாத்தியா!"

எடைமேடைக்குப் பக்கத்து வயலைத் தாண்டி ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. மலிவுக் கருவி என் வண்டியைத் தினமும் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, கேண்டீனை விட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஏன் சாப்பிடுகிறாய் என்பார்கள். சாக்கைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். அதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் பெண் எங்கள் தெரு. பேச்சு என் வீட்டுக்கு வர நாளாகவில்லை. என் மனைவி கத்தவில்லை. சாயந்திரம் டிபன் பாக்ஸை விளக்கிக்கொண்டே, "நான் கட்டிக் குடுக்கற சோறு இன்னா ஆவுது?" என்று மட்டும் கேட்டாள்.

"துன்றேன்."

"எங்க?"

சொன்னேன். எடைமேடை, சுவர், வேப்பமரம் எல்லாம். வீட்டிலேயே நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவதை இருபது வருஷமாகப் பார்ப்பவள். உடனே நம்பினாள். அதோடு விட்டிருந்தால் போதும். ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் நான் கிளம்பிப் போன பிறகு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். "எம் புருஷன் உங்க எதுர்ல ஒரு வாய் துன்னு பாத்துக்கீறீங்களா? அந்த மனுஷனுக்குக் கூச்சம் சார். வாங்க, அந்த ஊட்டக் காட்டுங்க எனுக்கு," என்று மேனேஜரிடம் நின்றிருக்கிறாள். நேரத்தைத் திருடுகிறேனா என்று அவருக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அவளையும் பில் தம்பியையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முதலில் ஓட்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து வந்த பெரியவர், பைக்கும் இல்லை ஒன்றும் இல்லை, போங்கள் என்று விரட்டியிருக்கிறார். அப்புறம்தான் என் மனைவி கையை நீட்டிச் சுவரைக் காட்டியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித் தெரிந்தது. நான் கண்டது, காரக்குழம்புச் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோகும்போது சுவரைச் சுற்றி மூன்று பேர் வந்து நின்றதைத்தான்.

"பாருங்க சார், நல்லாப் பாருங்க," என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் அப்படியொரு வெற்றி.

பார்த்தார்கள். பில் தம்பி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சாரிண்ணே, பாய்ண்ட் தள்ளிக் காட்டுது," என்றான். மேனேஜர் மனசு இளகிப் போனார். "இன்னாப்பா நீ, கேண்டீன் இருக்கும்போது வெயில்ல குந்திகினு? சொல்லக் கூடாதா? சாப்பிடு, சாப்பிடு," என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் அந்த உருண்டையை வாயில் போட்டு முழுங்கினேன். வேறு என்ன செய்வது?

நல்ல பேர் திரும்ப வந்துவிட்டது. என்னைப் பார்த்தால் இப்போது யாரும் கண்ணடிப்பதில்லை. லோடுமேன்கள் மட்டும் நான் டீ கிளாஸை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, "குடி நைனா, யாரும் பாக்கல," என்கிறார்கள். ஒருநாள் சீட்டைக் கழற்றி ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். எடைமேடைக்கு வருவதற்குள் மேனேஜர் போன் செய்தார். வண்டி லைனில் இல்லையாம், கஸ்டமர் பொருள் கையில் இருக்கும்போது அணைக்கக் கூடாதாம். ரோட்டோரம் நிறுத்தி, பல்லால் ஒயரைச் சீவி, நானே மாட்டினேன்.

நேற்று வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. போன் அடித்தது. பில் தம்பி.

"இன்னாண்ணே, குந்திட்டியா? இன்னிக்கு இன்னா கொயம்பு?"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

"சாம்பார்," என்றேன்.

"துன்னுட்டு மெதுவா வா," என்று வைத்துவிட்டான். பாசமாகத்தான் சொன்னான். சோற்றை மரத்தடியில் கொட்டிவிட்டு, பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலசிப் பையில் வைத்தேன். சாப்பிடுகிற நேரம் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உடனே கிளம்பினால் அதற்கும் போன் வரும்.