சேவல் கால், குதிரைத் தலை

ரோமானியத் துறைமுகமான பூட்டியோலியின் வெந்நீர்க் குளியல்கூடத்தில் பெண்களின் துணிமணிகளுக்குக் காவல் இருந்தவள் நுமிசியா. அவளிடம் செருப்பைக் கழற்றிக் கொடுக்காத பெண் அந்தத் துறைமுகத்திலேயே கிடையாது.

ஒரு வசந்தத்தில் கூடத்து வெந்நீர்க் குளத்தின் வடிகால் அடைத்துக்கொண்டது. ஆட்கள் வாரிப்போட்ட சேற்றில் ஏதோ மின்னியது. கழுவிப் பார்த்தால் முத்திரை மோதிரக் கற்கள். வெந்நீரில் பிசின் இளகிக் கழன்று விழுந்தவை. சூதுபவளம், பச்சைக் கல், எல்லாம் பயறைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வெறும் கீறலாகத் தெரிந்தவை மெழுகில் அழுத்தியதும் உயிர் பெற்றன. தானியம் சுமக்கும் எறும்பு. விளக்குத் திரியைக் கடிக்கும் எலி. கடைசிக் கல்லை அழுத்தியதும் அவளுக்கு வேலையே ஓடவில்லை. சேவலின் கால், குதிரையின் தலை, நெஞ்சில் கிடாவின் முகம், முதுகில் ஒரு வழுக்கைக் கிழவன்!

"அடையாளம் கேட்டுக் குடு. இல்லன்னா ஊரே வந்து நிக்கும்" என்றார் கூடத்து முதலாளி.

மீன்கடைக்காரர் மனைவி செஸ்டியாதான் முதலில் வந்தாள். "என்னோடது சிங்கம்டி."

"சிங்கமே இல்லையேக்கா."

"அப்ப பூனையா இருக்கும். சின்னதா செதுக்கினா ரெண்டும் ஒண்ணுதானே?"

"பூனையும் இல்ல. எலிதான் இருக்கு."

"பூனை இல்லாத எடத்துல எலிக்கென்ன பயம்!" என்று செஸ்டியாவே சிரித்துவிட்டாள்.

எறும்பும் எலியும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கலப்பு மிருகத்தைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் நுமிசியா மெழுகை நீட்டினாள். கண்ணேறு கழிக்க என்றாள் ஒருத்தி. "என் மாமியாரை அப்படியே செதுக்கியிருக்கான்" என்றாள் தலை அலங்காரம் செய்பவள். எதுவும் நுமிசியாவின் மனதுக்கு ஒப்பவில்லை.

கோடையில் மருத்துவச்சி ஓபெல்லியா தயங்கித் தயங்கி வந்தாள். "சேவலா குதிரையான்னு சொல்ல முடியாத ஒண்ணு கெடச்சுதா? எங்க வீட்டுக்காரரோட முத்திரை. ஆசைக்குப் போட்டுட்டு வந்து தொலச்சுட்டேன். இன்னும் அவருகிட்ட சொல்லல."

நுமிசியா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கல்லு இருக்கு. அது ஏன் இப்படின்னு சொல்லிட்டு வாங்கிக்க."

"எந்த மிருகம் வேணும்னு செதுக்கறவன் கேட்டான். இவருக்கு எங்க வீட்டுச் சேவலையும் விட மனசில்ல, குதிரையையும் விட மனசில்ல, கிடாவையும் விட மனசில்ல. ஒரே கல்லுதான்யான்னு அவன் கத்தினான். ஒட்டிப் போடுன்னுட்டாரு."

"அந்த வழுக்கை?"

"அவரேதான்! முதுகுல ஏத்தலன்னா வாங்கமாட்டேன்னாரு."

"அந்தச் சேவல் இருக்கா?"

"பனிக்காலச் சனித் திருவிழா விருந்துக்கு அறுத்தாச்சு. அவரு ஒரு வாய் தொடல. இன்னிக்கும் கோழின்னா எழுந்து போயிடுவாரு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கல்லைத் துணியில் முடிந்து கொடுத்தாள் நுமிசியா.

அதன்பிறகு மோதிரத்தோடு யாரையும் அவள் வெந்நீரில் இறங்க விட்டதில்லை. கல் பத்திரம் என்பாள். அவர்கள் முதுகு தேய்த்துத் திரும்புவதற்குள், ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முடித்திருப்பாள். பிறகு, "உன் ஆமை ஏன் செருப்பு போட்டிருக்கு?" என்று விசாரணை தொடங்கும்.