சிவப்புக் கோட்டுக்கு அடியில்

ஹைதராபாத்தில் விமானத்தை இறக்கிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தபோது தவசியின் தங்கை ஏழு தடவை அழைத்திருந்தாள். திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணே, காலையில தோட்டத்துக்குப் போன எடத்துல அண்ணன் போயிட்டாருண்ணே," என்றாள். நெஞ்சுவலி. முப்பத்து மூன்று வயது. பயணிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இருக்கையை விட்டு எழவில்லை.

மதுரை தல்லாகுளத்து மாடியறையில் எங்கள் இருவரோடும் பரீட்சைக்குப் படித்த உங்களுக்கு அவனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் வெளிநாட்டில் ஒரே பள்ளியில் விமானி உரிமம் வாங்கியவர்கள். ஊர் திரும்பினால் அது வெறும் காகிதம். மறுபடி பரீட்சை எழுதி இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். வானிலைத் தாளில் நான் இரண்டு முறை கோட்டைவிட்டேன். எல்லாவற்றையும் முதல் தடவையே முடித்துவிட்ட தவசி, எனக்காக மறுபடி புத்தகத்தோடு உட்கார்ந்தான். உசிலம்பட்டிக்காரன். "இந்த மேகமெல்லாம் எங்க ஊருக்கு வராது மாப்ள, பரீட்சைக்குத்தான் வரும்," என்பான். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சிக்கல் பறந்த மணி நேரக் கணக்கில் வந்தது. அங்கே நாங்கள் ஜோடியாகப் பறந்தோம். ஒருவன் கண்மறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவான். மற்றவன் வெளியே பார்த்துக்கொள்வான். அந்த நாட்டில் இருவருமே கேப்டன் என்று அவரவர் பறப்புப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதினோம். இங்கே ஒரு விமானத்துக்கு ஒரு கேப்டன்தான் என்று இருவர் விண்ணப்பமும் திரும்பி வந்தன. அந்த நாற்பது மணி நேரம் யாருடையது என்று பள்ளி சான்று தர வேண்டும். பாதியாகப் பிரித்தால் உரிமத்துக்கு வேண்டிய கேப்டன் மணி நேரம் இருவருக்குமே குறையும்.

நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவன்தான் சொன்னான்: "ரெண்டு பேரும் தரையில நிக்கிறதுக்கு ஒருத்தனாச்சும் மேல போகட்டும். நீ வச்சுக்க. நான் அப்புறம் பறந்து சேத்துக்கிறேன்."

பள்ளிக்குக் கடிதம் எழுதிவிட்டு, தன் பதிவேட்டில் அந்த வரிகளைச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தான். ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து. அடியில் இருப்பதை மறைக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். அவன் ஸ்கேல் வைத்து அடித்தான். நான் டீ வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

எனக்கு உரிமம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. முதல்முறை மதுரைக்கு விமானம் கொண்டுவந்த அன்று அவன் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். "ரெண்டு நிமிசம் லேட்டு மாப்ள," என்று கிண்டலடித்தான். மீதி மணி நேரம் என்னவாயிற்று என்று அன்றும் நான் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. தோட்டத்தோடு நிம்மதியாகிவிட்டான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

காரியத்தன்று அவன் தங்கை அந்தப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தாள். உள்ளே அடுத்த மாத விமானி உரிமப் பரீட்சைக்கான நுழைவுச்சீட்டு இருந்தது. பழைய தேர்ச்சியெல்லாம் காலாவதியாகி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான்.

பதிவேடு இப்போது என் பறப்புப் பையில் இருக்கிறது. சிவப்புக் கோடுகளுக்கு அடியில், கேப்டன் என்ற கட்டத்தில், நாற்பது மணி நேரத்துக்கும் அவன் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிகிறது.