கையைப் பிடிக்கும் ஆள்

டாக்டர் கலாதேவியின் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை உடைந்துவிட்டது. ஆனால் அந்த வாயிலிருந்து வரும் திட்டுக்கு என்றுமே குறைவில்லை. ஈப்போ மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கப் பழகும் டாக்டர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

வாய் திறக்காதவர்களை முதலில் மயக்கிவிட்டால் ஆபத்து. மூச்சுக்குழாய் போட வழி கிடைக்காது. விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுக் குழாயை இறக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். தாங்க முடியாவிட்டால் நோயாளி கையைத் தூக்கலாம்; உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு.

"எல்லாரும் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு நிப்பீங்க. ஒரு ஆளு நோயாளி கையைப் பிடிச்சிப் பேசிக்கிட்டே இருக்கணும். அந்த ஆளு இல்லாம ஆரம்பிக்கக் கூடாது லா!"

ஈப்போவை அடுத்த லகாட்டில், வீட்டில் அவள் தனி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. கல்யாணம் தட்டிப்போனது போனதுதான். அவளுக்கே பித்தப்பையை எடுக்க வேண்டும் என்றானபோது, சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. தன்னிடம் தொழில் பழகிய இளம் டாக்டர் தல்ஹாவிடம் சொன்னாள்.

"நீயே குழாய் போடு."

"நானா, டாக்டர்?"

ஆபரேஷன் அன்று அறை நிறைய அவளிடம் படித்தவர்கள். எல்லார் கண்ணும் ஸ்கிரீனில். பெரிய டாக்டரின் கையைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? மரியாதை பொல்லாதது. மூக்கில் கேமரா இறங்கியபோது அவளுக்குப் பயமாக இருந்தது; தன் நோயாளிகளின் பயம் இதுதானா என்று நினைத்தாள். யாராவது பிடிக்கட்டும் என்று கையை நீட்டினாள்.

தல்ஹா சட்டென்று நிறுத்தினான். "முடியலையா, டாக்டர்?"

அவள் இல்லையென்று தலையசைத்துக் கையை இறக்கினாள். இன்னொரு தடவை நீட்டினால் இன்னொரு தடவை நிறுத்துவான். அவளே தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

குழாய் ஒரே முயற்சியில் இறங்கியது. எல்லாம் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் வார்டுக்கு வந்த தல்ஹா கட்டிலருகே தயங்கி நின்றான்.

"ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா, டாக்டர்?"

யாருடைய தப்பையும் விட்டுவைக்காதவள் அன்றைக்கு விட்டுவிட்டாள்.

"இல்ல லா. நல்லா செஞ்சீங்க," என்று சொல்லி அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவன் அவசரமாகத் தண்ணீர்க் குவளையை எடுத்து அந்தக் கையில் கொடுத்தான்.